ஆ, பீ, ச்சீ

முதல் எழுத்து ஆ. அதில் யாருக்கும் சிக்கல் இல்லை, வாயைத் திறந்தால் வருகிறது. இரண்டாவது எழுத்தைத் தமிழில் எழுதி வைத்துக்கொண்டு படிக்காதீங்க என்று சிஸ்டர் ரெனிட்டா எச்சரித்துக்கொண்டிருக்கும்போதே டெல்ஃபின் எழுதிவிட்டாள், எழுதியதைப் பக்கத்திலிருந்த நிவேதாவிடம் காட்டிவிட்டாள், இரண்டு பேரும் முக்காட்டு நுனியை வாயில் வைத்து அமுக்கிக்கொண்டு தோள் குலுங்கச் சிரிக்கிறார்கள். பீ. சிரிக்கட்டும். போன வருடம்தான் வார்த்தைப்பாடு கொடுத்துக் கன்னியாஸ்திரி ஆன பிள்ளைகள், இத்தாலி என்றால் விமானம், பனி, போப்பாண்டவர் இருக்கிற ஊர், அவ்வளவுதான் அவர்களுக்கு. மூன்றாவது எழுத்து ச்சீ. ஆ, பீ, ச்சீ. அந்த நாட்டில் குழந்தைகளின் படிப்பு இப்படித்தான் தொடங்குகிறதாம். மொத்தம் இருபத்தோரு எழுத்துதான் சிஸ்டர், நமக்கு இருநூத்தி நாப்பத்தேழு இருக்கு, அதையே படிச்சுட்டோம், இது என்ன பெரிய விஷயம் என்று ரெனிட்டா என்னைப் பார்த்துச் சொல்கிறாள். என்னைப் பார்த்து மட்டும்தான் சொல்கிறாள். ஐம்பத்திரண்டு வயசுக்காரிக்கு ஆறுதல் தேவைப்படும் என்று நினைக்கிறாள் போல. இருபத்தைந்து வருடம் கணக்கு டீச்சராக, அதில் பாதிக்கு மேல் தலைமையாசிரியையாகக் கரும்பலகைக்கு அந்தப் பக்கம் நின்றவள் நான், இன்றைக்கு இந்தப் பக்கம் பயிற்சியில் இருக்கிற நோவிஸ் பிள்ளைகளின் சின்ன பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து ச்சீ சொல்கிறேன். இன்னும் அழுத்தி, ச்சீ, என்கிறாள். எனக்கு இதைச் சொல்லித்தர வேண்டுமா? அழுத்தி எப்படிச் சொல்வது என்று இரண்டாம் வகுப்பிலேயே கேட்டிருக்கிறேன். திண்டுக்கல்லில், தோல் பதனிடுகிற ஷாப்புகளுக்குப் பின்னால் இருந்த எங்கள் தெருவிலிருந்து கான்வென்ட் பள்ளிக்குப் போன முதல் பிள்ளை நான். எனக்குப் பக்கத்தில் உட்கார வைக்கப்பட்ட பெண் மூக்கைப் பிடித்துக்கொண்டு, ச்சீ, தள்ளி உக்காரு, உன் மேல சுண்ணாம்பு வீச்சம் அடிக்குது என்றாள். அப்பா தோல் ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் இறங்கி வேலை செய்தவர். வீட்டில் சோறு, பாய், சட்டை எல்லாவற்றிலும் அந்த வீச்சம் இருந்தது, எங்களுக்கு அது வீச்சம் என்றே தெரியாது. அந்த வகுப்பு சிஸ்டர் வந்து எழுப்பிவிட்டது அவளை இல்லை, என்னை. ஜன்னல் பக்கம் போயி உக்காரும்மா, காத்து வரும் என்றார். ரொம்ப அன்பாகத்தான் சொன்னார். இவர்கள் எதைச் செய்தாலும் அன்பாகத்தான் செய்வார்கள். ஜன்னல் பக்கம் போனவள் போய்க்கொண்டே இருக்கிறேன், இப்போது இத்தாலிவரை.

ரெனிட்டா அங்கே எட்டு வருடம் இருந்துவிட்டு வந்தவள். முப்பத்தைந்து வயசிருக்கும், பேச்சில் ஒரு விறுவிறுப்பு, கையை ஆட்டி ஆட்டிப் பேசுகிற பழக்கம் அங்கேயிருந்து ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. எச் எழுத்துக்கு அங்க என்ன பேரு தெரியுமா, அக்கா என்கிறாள். பிள்ளைகள் மறுபடி சிரிக்கிறார்கள். ச்சீ பக்கத்துல அக்கா வந்து நின்னா க ஆயிரும், மரியாதை வந்துரும் என்று அவளும் சிரிக்கிறாள். நல்ல டீச்சர்தான், ஒத்துக்கொள்ள வேண்டும். போர்டில் மூன்று சொல் எழுதுகிறாள். மூன்றும் பார்க்க ஒன்றுபோல. இதுதான் சிஸ்டர் எல்லாரும் மாட்டிக்கிற இடம், நல்லா கேளுங்க. முதல் சொல்லில் ப ஒற்றை, ஆனால் வல்லினம், உதட்டை லேசாகத் தொட்டுவிட்டு விடவேண்டும், அது பரிசுத்த பிதா, போப்பாண்டவர். இரண்டாவதில் ப இரட்டை, உதட்டை மூடி ஒரு நொடி நிறுத்த வேண்டும், அது கஞ்சி, குழந்தைக்கும் பல் இல்லாத கிழவிக்கும் ஊட்டுகிற கூழ். மூன்றாவதில் கடைசியில் தூக்க வேண்டும், அது அப்பா. மாத்திச் சொல்லிராதீங்க, நான் போன புதுசுல ஒரு வயசான சிஸ்டர்ட்ட போப்பாண்டவர் சாப்பிடுறீங்களான்னு கேட்டுட்டேன், அந்தம்மா சிலுவை போட்டுக்கிட்டாங்க என்கிறாள். நான் தமிழில் எழுதிப் பார்க்கிறேன். பாப்பா, பாப்பா, பாப்பா. ஒற்றை வல்லினத்தை நடுவில் வைத்து எழுத நமக்கு வழியில்லை, பாபா என்று எழுதினால் சத்தம் குழைந்துவிடுகிறது, இரட்டித்தால் எல்லாம் ஒன்றாகிவிடுகிறது. போப்பாண்டவரும் கூழும் அப்பாவும். என் அப்பாவுக்குத் தெரிந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். என் முதல் வார்த்தைப்பாட்டுக்கு வந்தபோது அவர் கோவிலின் கடைசித் தூணுக்குப் பின்னால் நின்றார். அதற்கு முந்தின வாரம் முழுக்கத் தினமும் ரெண்டு தடவை எலுமிச்சம்பழம் தேய்த்துக் குளித்தாராம், அம்மா சொன்னாள். பூசை முடிந்து எல்லாப் பெற்றோரும் ஆயரிடம் போய்க் குனிந்து அவர் மோதிரத்தை முத்தி செய்தார்கள். அப்பா போகவில்லை. வாங்கப்பா என்று கையைப் பிடித்து இழுத்தேன். வேணாம் இன்னாசி, கை இன்னும் சுத்தமா போகல என்றார். அந்தக் கையை நான் விட்டுவிட்டு மற்றவர்களோடு போட்டோவுக்குப் போய் நின்றேன். இப்போது அந்த மூன்றாவது சொல்லை எல்லோரும் சேர்ந்து சொல்கிறோம், கடைசியில் தூக்கி, தூக்கி, இன்னும் கொஞ்சம் தூக்கி. சிஸ்டர் உங்களுக்கு நல்லா வருது என்கிறாள்.

அடுத்து ஞ. G எழுத்தும் N எழுத்தும் சேர்ந்து வந்தால் ஞ. தமிழ்க்காரங்களுக்கு லட்டு மாதிரி என்று சொல்லி என் பெயரையே போர்டில் எழுதுகிறாள். பாஸ்போர்ட்டில் எனக்குப் போட்டிருக்கிற பெயர் இக்னேஷியா. நோவிஸாகச் சேர்ந்தபோது இன்னாசியம்மாள் என்பது பட்டிக்காட்டுப் பேராக இருக்கிறதென்று மாற்றிவிட்டார்கள். இப்ப பாருங்க, அங்க உங்கள இஞ்ஞாட்ஸியான்னுதான் கூப்பிடுவாங்க என்கிறாள் ரெனிட்டா. அடடே. ஊரில் எல்லோரும் கூப்பிட்ட மாதிரியே இருக்கிறது, முப்பது வருடத்துக்கு முன்னால் இவர்கள் வெட்கப்பட்டு அழித்த பெயரை வெள்ளைக்காரன் திருத்திக் கொடுக்கிறான், வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். ஞ வருகிற இன்னொரு சொல், ரொம்ப முக்கியம், தினமும் வேணும், எழுதிக்கோங்க. பாஞ்ஞோ. கழிப்பறை. பாஞ்ஞோ, பாஞ்ஞோ என்று பிள்ளைகள் பாட்டுப் போலச் சொல்கிறார்கள். நான் சொல்லவில்லை. தண்ணீர்த் தொட்டி தெரிகிறது, நான் தலைமையாசிரியையாக இருந்த வெள்ளைப்பாறைப்பட்டிப் பள்ளி ஹாஸ்டலின் பின்பக்கத் தொட்டி, மாதா திருவிழா முடிந்த மறுநாள் சாயங்காலம். நான் திருச்சியில் இரண்டு நாள் பயிற்சிக்குப் போய்விட்டுத் திரும்புகிறேன், பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. தொட்டியைச் சுற்றி எட்டாவது ஒன்பதாவது படிக்கிற பிள்ளைகள் ஐந்து பேர் பாவாடையோடு குளித்துக்கொண்டிருக்கிறார்கள். குளிக்கிற மாதிரி இல்லை. சோப்பைப் போடுவதும் ஊற்றுவதும் மறுபடி சோப்பைப் போடுவதும். அவர்களில் விமலி தொட்டி ஓரத்தில் குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். என்னடி, என்ன சாப்பிட்டீங்க என்று கேட்டேன். விமலி நிமிர்ந்து, சிஸ்டர் எம்மேல நாத்தம் அடிக்குதா என்று கேட்டாள். விசாரித்தேன். திருவிழாவுக்கு வந்த அத்தனை ஜனமும் போன கழிப்பறை அடைத்துக்கொண்டுவிட்டது, ஆள் வரவில்லை, மறுநாள் ஆயர் வருகிறார், பங்குச் சாமியார் ஃபாதர் எட்வின் சொல்லி அனுப்பினார், வார்டன் சிஸ்டர் பிள்ளைகளைப் பொறுக்கி அனுப்பினார். நூறு பிள்ளைகளில் பொறுக்கியது ஐந்து. ஐந்தும் காலனிப் பிள்ளைகள். வாளியும் தென்னை மட்டையும் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். கையுறைகூட இல்லை. அந்தப் பள்ளிக்கூடத்தில் கணக்கில் முதல் மார்க் வாங்குகிற பிள்ளை விமலி.

பாஞ்ஞோ, சிஸ்டர், நீங்க சொல்லல என்கிறாள் ரெனிட்டா. பாஞ்ஞோ என்கிறேன். ஃபாதர் எட்வின் அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் கோழிக்காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பள்ளிக்கூடத்துக்கு அவர்தான் தாளாளர், சிரித்த முகம், நல்ல குரல், பூசையில் பாடினால் ஜனம் அழும். நான் நின்றுகொண்டே கேட்டேன், ஏன் ஃபாதர் அந்தப் பிள்ளைகள மட்டும் அனுப்புனீங்க. அவர் நிதானமாக மென்று முடித்துவிட்டுச் சொன்னார், மத்த பிள்ளைகளுக்கு அந்த வேலை பழக்கம் இருக்காதுல்ல சிஸ்டர். வார்டன் சிஸ்டர் குனிந்து ரசம் ஊற்றிக்கொண்டார். எட்டாவது படிக்கிற பிள்ளைக்கு மலம் அள்ளிப் பழக்கமா ஃபாதர், எந்த வகுப்புல சொல்லிக்கொடுத்தோம் என்றேன். அப்போது என்னை ஏற இறங்கப் பார்த்தார். சிரித்தார். உங்களுக்குத்தான் சிஸ்டர் இது ரொம்ப உறுத்தும், எனக்குப் புரியுது என்றார். புரிகிறதாம். இருபத்தைந்து வருடம் கணக்குச் சொல்லிக்கொடுத்ததும், பட்டமும், வார்த்தைப்பாடும், இந்த உடுப்பும் அந்த ஒரு வரியில் கழன்று விழுந்துவிட்டன, சுண்ணாம்புக் குழிக்காரன் மகளாக அந்தச் சாப்பாட்டு மேசை முன்னால் நின்றுகொண்டிருந்தேன். அந்த வரி இன்னும் என்னை விடவில்லை. பல் தேய்க்கும்போது வருகிறது, செபமாலை சொல்லும்போது மணிக்கும் மணிக்கும் நடுவில் வருகிறது. உங்களுக்குத்தான் ரொம்ப உறுத்தும். ஆமாம், எனக்குத்தான் உறுத்தும். உனக்கு ஏன் உறுத்தவில்லை, பாவி, அதைச் சொல் என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். மறுநாள் குழந்தைகள் நல அலுவலகத்துக்கு நானே நேரில் போய்ப் புகார் சொன்னேன். அங்கே இருந்த பெண் அதிகாரி எழுந்து நின்று கேட்டார், தண்ணீர் கொடுத்தார். விசாரணைக்கு வந்தார்கள். என் அறையில்தான் உட்கார்ந்தார்கள். ஐந்து பிள்ளைகளையும் கூப்பிட்டார்கள். யாரும் எங்களை அனுப்பல, நாங்களாத்தான் மாதாவுக்குச் சேவையா செஞ்சோம் என்று முதல் நாலு பேரும் ஒரே மாதிரி சொன்னார்கள், ஒப்பிக்கிற குரலில். ஐந்தாவதாக விமலி வந்தாள். அவளாவது சொல்வாள் என்று நினைத்தேன். என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். கண்ணை எடுக்கவில்லை. மாதாவுக்குச் சேவையா செஞ்சோம். அவளுடைய அம்மாவை முந்தின நாள் ஹாஸ்டலுக்குக் கூப்பிட்டுப் பேசியிருக்கிறார்கள், பிள்ளை இங்கே படிக்க வேண்டுமா வேண்டாமா என்று. எனக்குப் பிறகுதான் தெரியும். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எத்தனை தரம் சொல்லிக்கொண்டாலும், அந்தக் கண்ணை நினைத்தால் நெஞ்சில் ஏதோ கசந்து வருகிறது. கோபம்தான். பதிமூன்று வயசுப் பிள்ளை மேல் கோபம். நல்ல கன்னியாஸ்திரிதான் நான்.

அடுத்த மாதமே மதர் கொர்னேலியா, எங்கள் சபையின் மாநிலத் தலைவி, என்னை இந்தத் தாய் மடத்துக்கு வரச் சொன்னார். எல்லா சிஸ்டர்களும் கூடியிருந்த ஹாலில் வைத்து அறிவித்தார். நம்ம இத்தாலி மடத்துல வயசான சிஸ்டர்களப் பாத்துக்க மூணு பேரு கேட்டிருக்காங்க, கடவுள் நம்ம சிஸ்டர் இக்னேஷியாவையும் அழைக்கிறார். கை தட்டினார்கள். தண்டனை என்று நினைச்சிராதீங்க, இது மிஷன் என்று பிறகு தனியாகச் சொன்னார். பள்ளிக்கூடத்தை என்ன செய்வது மதர் என்றேன். வேற ஆள் போட்டாச்சு என்றார். யாரைப் போட்டிருக்கிறது என்று கேட்டேன். வார்டன் சிஸ்டரை.

பான்னொலோனே. ரெனிட்டா ஒரு பெரிய ஆள் டயப்பரையே கொண்டுவந்து மேசை மேல் விரித்திருக்கிறாள். இதுதான் பான்னொலோனே. ன இரட்டை, பிறகு நீட்டணும். முதல் நாளே தேவைப்படுற வார்த்தை இதுதான் சிஸ்டர், வணக்கம்கூட அப்புறம்தான் என்கிறாள். கேம்பியோ இல் பான்னொலோனே, டயப்பர் மாத்துறேன். திரும்பிப் படுங்க, ஸி ஜீரி. வாயத் திறங்க, ஆப்ர லா பொக்கா. பொக்கா என்றால் வாய், நம்ம பொக்க வாய், மறக்கவே மறக்காது என்கிறாள். டெல்ஃபினை மேசையில் படுக்க வைத்து நிவேதா செய்து காட்டுகிறாள், ஸி ஜீரி, ஸி ஜீரி. பிள்ளைகளுக்கு விளையாட்டாக இருக்கிறது. ஐந்து பிள்ளைகளை அள்ள விட்டது தப்பு என்று சொன்னவளை அள்ளவே அனுப்புகிறார்கள், யாருடைய மூளையில் உதித்ததோ, ஃபாதர் எட்வின் மூளைதான், நல்ல நகைச்சுவை. ஆனால் அங்கேதான் எனக்குச் சிக்குகிறது. அந்த வேலை கேவலமா? கேவலம் என்று சொன்னால் அப்பா எந்த இடத்தில் நிற்பார்? கிடையில் கிடக்கிற கிழவிக்குக் கால் கழுவிவிடுவது கேவலம் என்று நான் நினைத்தால் ஃபாதர் எட்வினுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம். இல்லை, வேலை இல்லை கேவலம், பொறுக்கிய விரல்தான் கேவலம், நூறு பேரில் ஐந்து பேரை நீட்டிக் காட்டிய விரல். இதை ராத்திரி தெளிவாகச் சொல்லிக்கொள்கிறேன், காலையில் டயப்பரைப் பார்த்ததும் குழம்பிவிடுகிறது. அம்மா கடைசி ஐந்து மாதம் படுக்கையில் கிடந்தாள். இடுப்புக்குக் கீழே ஒன்றும் இல்லை. நான் போய் ஒரு மாதம் இருந்து பார்த்துக்கொள்கிறேன் என்று அப்போதிருந்த மதரிடம் கேட்டேன். நாம எல்லாத்தையும் விட்டுட்டு வந்தவங்க சிஸ்டர், பள்ளிக்கூடப் பிள்ளைகதான் இனிமே உங்க அம்மா என்றார். அன்பாகத்தான் சொன்னார். அண்ணி செய்தாள் எல்லாம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் போவேன், சாயங்காலம் திரும்பிவிடுவேன். ஒரு ஞாயிறு அண்ணி கடைக்குப் போயிருந்தாள், அம்மா சங்கடமாக நெளிந்தாள். நான் துணியை எடுத்துக்கொண்டு போனேன். வேணாம்மா, நீ கோவில் பிள்ளை, அண்ணி வரட்டும் என்று என் கையைத் தள்ளிவிட்டாள். அண்ணி வரும்வரை அப்படியே கிடந்தாள், நான் பக்கத்தில் துணியோடு உட்கார்ந்திருந்தேன். பெற்றவளுக்குச் செய்ய அனுமதி இல்லை. அந்த மடம் இருக்கிற பெர்கமோ ஊரில் யாரென்றே தெரியாத கிழவிக்கு ஸி ஜீரி. இன்னும் இருபது வருடம் போனால் நானும் அந்தக் கட்டிலில்தான் கிடப்பேன், வேறொரு பிள்ளை எங்கேயிருந்தோ வந்து என் வாயைப் பார்த்துப் பொக்கா என்பாள். அவளிடம் தண்ணீர் கேட்க எந்த மொழியில் கேட்பது? சாகும்போது படித்த மொழியெல்லாம் போய்விடுமாம், பிறந்த மொழிதான் மிஞ்சுமாம், ரெனிட்டாவே சொன்னாள். அங்கே ஒரு கோவா சிஸ்டர் கடைசி நாளெல்லாம் கொங்கணியில் என்னவோ கேட்டுக்கொண்டே இருந்து செத்துப்போனாராம். என்ன கேட்டார் என்று யாருக்கும் தெரியாதாம்.

கடைசிச் சத்தம், இது ஒண்ணுதான் கஷ்டம் என்று ரெனிட்டா நாக்கைக் காட்டுகிறாள். ல இல்லை, ய இல்லை, ரெண்டுக்கும் நடுவில். நாக்கு நுனி இல்ல, நாக்கோட முதுகு மேலண்ணத்துல படணும். வோல்யோ. வேணும், விரும்புறேன். பிள்ளைகளுக்கு வரவில்லை, வோலியோ, வோலியோ என்கிறார்கள். எனக்கு வந்துவிடுகிறது, ழ சொல்லிப் பழகிய நாக்கு. நொன் வோல்யோ, வேண்டாம், விருப்பமில்ல. இதைத்தான் அதிகமாகக் கேப்பீங்க சிஸ்டர், ஒவ்வொரு ஸ்பூனுக்கும் சொல்வாங்க, கோவப்படக் கூடாது என்கிறாள். நொன் வோல்யோ. எனக்கு அந்தச் சொல் பிடித்திருக்கிறது. கிழவிகளுக்கு அங்கே அதைச் சொல்ல அனுமதி இருக்கிறது. இந்த முப்பது வருடத்தில் நான் எந்த மதரிடமாவது வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேனா? யோசித்துப் பார்க்கிறேன். இடமாற்றம், பெயர்மாற்றம், அம்மா. சரி மதர், சரி மதர், சரி மதர்.

லேப்டாப்பைத் திறந்து வைக்கிறாள். இத்தாலி மடத்துத் தலைவி மாத்ரே ஜூலியானா வீடியோவில் வரப்போகிறார், அங்கே இப்போது காலைப் பூசை முடிந்த நேரம். ஆளுக்கு ஒரு நிமிஷம். பேரைச் சொல்லணும். அவங்க வர விருப்பமான்னு கேப்பாங்க. ஸீ மாத்ரே, வோல்யோ வெனீரே, ஆமா, வர விரும்புறேன். அவ்வளவுதான், பயப்படாதீங்க. திரையில் ஒரு வயசான முகம் வருகிறது, வெள்ளை முடி, சிவந்த மூக்கு, கண்ணாடிக்குள் பெரிதாகத் தெரிகிற நீலக் கண். நல்ல முகம். கெட்ட முகமாக இருந்திருந்தால் சௌகரியமாக இருந்திருக்கும். டெல்ஃபின் சொல்கிறாள், வோலியோ வெனீரே. நிவேதா சொல்கிறாள். அந்தம்மா கையைத் தட்டுகிறார். பிறகு நான். பெயரைச் சொல்கிறேன். இஞ்ஞாட்ஸியா! என்று அவர் சந்தோஷமாகத் திரும்பச் சொல்கிறார், பிறகு அந்தக் கேள்வி, எனக்குப் புரிகிறது. நான் யோசித்து வைத்துச் சொல்லவில்லை. நாக்கின் முதுகு தானாகப் போய் மேலண்ணத்தில் ஒட்டுகிறது.

"நொன் வோல்யோ."

பிராவா, பிராவா என்று அந்தம்மா கை தட்டுகிறார், உச்சரிப்பு அவ்வளவு சுத்தம். தட்டிய கை பாதியில் நிற்கிறது. ரெனிட்டா என் முழங்கையைத் தொடுகிறாள். சிஸ்டர், மாத்திச் சொல்லிட்டீங்க. மாற்றவில்லை, மறுபடி சொல்கிறேன், நொன் வோல்யோ. திரையில் அந்த நீலக் கண் அருகில் வருகிறது. பெர்கே? ஏன் என்று கேட்கிறார், உண்மையாகவே கேட்கிறார். இத்தனை மாதத்தில் என்னிடம் ஏன் என்று கேட்ட முதல் ஆள். எனக்குத் தெரிந்ததோ எழுத்துகளும் டயப்பரும் கூழும். ரெனிட்டாவிடம் தமிழில் சொல்கிறேன், வேகமாக, மூச்சு வாங்க. "எங்க ஹாஸ்டல் பிள்ளைகள மலம் அள்ள விட்டாங்க. காலனிப் பிள்ளைகள மட்டும். நான் புகார் குடுத்தேன். அதுக்காகத்தான் என்னைய அனுப்புறாங்க. அப்படியே சொல்லு ரெனிட்டா." ரெனிட்டாவின் முகம் வெளுத்துவிட்டது. பிள்ளைகள் சிரிப்பதை நிறுத்திவிட்டார்கள். அவள் திரையைப் பார்த்துப் பேசுகிறாள், நீளமாக, கையை ஆட்டாமல். அந்தம்மா கேட்டுக்கொண்டே தலையை ஆட்டுகிறார், முகம் மெல்ல மலர்கிறது. ஆ, என்கிறார். இரண்டு கையாலும் தன்னையே கட்டிப்பிடித்துக்கொண்டு நடுங்கிக் காட்டுகிறார், சிரிக்கிறார், இருங்க இருங்க என்று சைகை காட்டிவிட்டு எழுந்து போகிறார். காலி நாற்காலி தெரிகிறது, பின்னால் ஒரு ஜன்னல், பனி மூடிய ஒரு மரம். திரும்பி வருகிறார். சாம்பல் நிறத்தில் ஒரு தடித்த கம்பளி ஸ்வெட்டர். காமிராவுக்கு நேராகப் பிடித்து விரித்துக் காட்டுகிறார், தடவிக் காட்டுகிறார். எனக்குத்தான். அவரே பின்னியதாம்.

இணைப்பைத் துண்டித்த பிறகு பிள்ளைகளை ரெனிட்டா வெளியே அனுப்புகிறாள். "குளிருன்னா சொன்ன?" என்று கேட்கிறேன். "வேற என்ன சொல்றது சிஸ்டர்? காலனின்னா அவங்களுக்கு என்ன தெரியும்? அதுக்கு அங்க வார்த்தையே இல்ல." பிறகு டயப்பரை மடித்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொல்கிறாள், "நான் சொல்லியிருந்தா நாளைக்கு என்னையும் எங்கயாவது மாத்துவாங்க. எட்டு வருசம் கழிச்சு இப்பத்தான் எங்கம்மா பக்கத்துல இருக்கேன் சிஸ்டர்." அவளைத் திட்ட முடியவில்லை. விமலியைத் திட்ட முடியாத மாதிரியே. எல்லோருக்கும் ஒரு அம்மாவைக் காட்டிப் பயமுறுத்தி வைத்திருக்கிறார்கள், எனக்குத்தான் காட்ட யாரும் இல்லை. அது இப்போதுதான் உறைக்கிறது. எழுந்து நடக்கிறேன். வராந்தாவில் முழங்கால் வலிக்கிறது. மதர் கொர்னேலியாவின் அறைக் கதவு திறந்துதான் இருக்கிறது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருக்கிறார். வாங்க சிஸ்டர், கிளாஸ் முடிஞ்சுதா, உக்காருங்க என்கிறார். உட்காரவில்லை.

"நான் இத்தாலிக்குப் போகமாட்டேன் மதர்."

கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு என்னை நன்றாகப் பார்க்கிறார். அவர் முகத்தில் இருப்பது கோபம் இல்லை, நிஜமான கவலை. "அப்ப எங்க போவீங்க சிஸ்டர்?" என்கிறார். அண்ணன் வீட்டில் அண்ணன் உயிரோடு இல்லை, அவர் மகன் கல்யாணம் செய்து மாடியையும் இடித்துக் கட்டிவிட்டான். என் பெயரில் ஒரு கட்டில்கூடக் கிடையாது. இந்த உடுப்பும் இவர்களுடையது. வெள்ளைப்பாறைப்பட்டிக்குள் விடமாட்டார்கள். எங்கே போவேன்? இதற்கு முன்னால் எத்தனை பேர் இந்த அறையில் வந்து நின்று, இந்தக் கேள்வியைக் கேட்டதும் உட்கார்ந்திருப்பார்கள். "தெரியல மதர்," என்கிறேன். "ஆனா போகமாட்டேன். அந்தப் பிள்ளைக அள்ளுனது உண்மை. நீங்க ஒரு தடவைகூட என்கிட்ட அதைக் கேக்கல." மதர் வாயைத் திறக்கிறார். அந்த நேரம் பார்த்து மதிய மணி அடிக்கிறது, கோவில் கோபுரத்திலிருந்து, மூன்று மூன்றாக. அவர் முகத்தில் ஒரு நிம்மதி. எழுந்து மேசையைச் சுற்றி வந்து மாதா படத்துக்கு முன்னால் கை கூப்பி நிற்கிறார். மூவேளை செபம். முப்பது வருடமாக நாளுக்கு மூன்று தரம். மதர் முதல் வரியைச் சொல்கிறார், வானதூதர் வந்ததை. பதில் வரி என் வாயிலிருந்து தானாக வருகிறது, பழக்கம், கை கூப்பியிருக்கிறது, அதுவும் பழக்கம். வராந்தாவில், சமையலறையில், தோட்டத்தில் அங்கங்கே நின்ற இடத்தில் எல்லோரும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், கட்டடம் முழுக்க ஒரே முணுமுணுப்பு. மதர் இரண்டாவது வரியைச் சொல்கிறார், இதோ ஆண்டவரின் அடிமை என்று. பதில் வரி என்னுடையது. உம் சொற்படியே எனக்கு ஆகட்டும் என்று நான் சொல்ல வேண்டும். வெளியே எல்லோரும் சொல்லிவிட்டார்கள், டெல்ஃபினின் மெல்லிய குரல்கூடத் தனியாகக் கேட்டது. மதர் காத்திருக்கிறார். கண்ணைத் திறந்து பக்கவாட்டில் என்னைப் பார்க்கிறார். மறந்துவிட்டேன் என்று நினைத்தாரோ என்னவோ, தன் வரியை இன்னொரு முறை, கொஞ்சம் சத்தமாகச் சொல்கிறார். நான் கூப்பிய கையைக் கீழே இறக்கிவிட்டு அவரையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.